முன்பின் தெரியாதவரின் உயிலுக்கு நீங்கள் எக்ஸிகியூட்டர் என்று கடிதம் வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், தபால்காரர் ஒப்புகை அட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு பழுப்பு உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஒரு வக்கீலின் கடிதம். அவருடைய கட்சிக்காரரின் பெரியப்பா இறந்துவிட்டாராம். அவர் எழுதிவைத்த உயிலில் என்னை எக்ஸிகியூட்டராக நியமித்திருக்கிறாராம். பொறுப்பை ஏற்கிறீர்களா, விலகுகிறீர்களா என்று 15 நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுமாம். பெயர் என் பெயர்தான், ஆர். சுந்தரம். தெரு என் தெருதான். கதவு எண்கூட சரி. இறந்தவர் யார் என்றுதான் தெரியவில்லை.

என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "யாருங்க இது?" இரண்டாவது கேள்வி, "நமக்கு ஏதாவது எழுதி வச்சிருக்காரா?"

வேடிக்கை என்னவென்றால், நான் 26 வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்படிப்பட்ட உறைகளுக்குப் பசை தடவி ஒட்டிய கை இது. எனக்கே வந்தபோது கொஞ்சம் வியர்த்தது. விஷயம் பரவி, இதே மாதிரி கடிதம் வந்த தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். அப்படிக் கேட்டவற்றைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். எல்லாம் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-ஐ ஒட்டியது. நடைமுறை பெரும்பாலும் சென்னையில் நான் பார்த்தது. நான் வக்கீல் இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸிகியூட்டர் என்றால் யார்? சொத்து எனக்கு வருமா?

வராது. எக்ஸிகியூட்டர் என்றால் உயிலை நிறைவேற்றிவைக்கும் பொறுப்பாளர், அவ்வளவுதான். உயில் எழுதியவர் இறந்ததும் சொத்து சட்டப்படி இவர் கைக்கு வரும். ஆனால் அனுபவிக்க அல்ல, பிரித்துக் கொடுக்க. ஈமச்செலவைக் கொடுக்கணும், கடனை அடைக்கணும், உயிலில் யார் யாருக்கு என்ன எழுதியிருக்கிறதோ அதைச் சேர்ப்பிக்கணும். நீதிமன்றத்தில் புரொபேட், அதாவது உயில் உண்மையானதுதான் என்ற சான்று, வாங்கிவிட்டால், ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும் ஒரு வருடத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் தாக்கல் செய்யணும். கல்யாண வீட்டில் மொய் எழுத உட்காருகிறவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பணம் முழுக்க அவர் கையில்தான் இருக்கும், ஒரு ரூபாய் அவருடையது இல்லை.

எக்ஸிகியூட்டருக்கும் உயிலில் தனியாக ஏதாவது எழுதிவைத்திருக்கலாம். அதற்கும் சட்டத்தில் ஒரு கொக்கி உண்டு. எக்ஸிகியூட்டராகப் பெயர் குறிப்பிடப்பட்டவருக்கு உயிலில் ஒன்று எழுதியிருந்தால், அவர் உயிலை மெய்ப்பித்தால் அல்லது பொறுப்பேற்கும் எண்ணத்தை வேறு வகையில் காட்டினால்தான் அது அவருக்குக் கிடைக்கும் என்கிறது பிரிவு 141. வேலையைத் தட்டிக்கழித்துவிட்டுக் கூலியை மட்டும் வாங்க முடியாது.

எனக்கு அவரைத் தெரியவே தெரியாது. இது எப்படி நடக்கும்?

நம் ஊரில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

முதல் காரணம், இனிஷியல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இருக்கிறது. உயிலில் "ஆர். சுந்தரம்" என்று எழுதியிருந்தால் அந்த "ஆர்" ராமசாமியா, ரங்கநாதனா, ராஜுவா, ரத்தினமா? எழுதியவருக்குத் தெரியும். அவர் இப்போது இல்லை. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னொரு குழப்பம் சேர்கிறது. அப்பா பெயர் தண்டபாணி என்றால் ஒரே வீட்டில் அண்ணன் "டி" (D) போடுவார், தம்பி "டீ" (T) போடுவார். அப்பா பெயர் கணேசன் என்றால் சிலர் "ஜி", சிலர் "கே". வாக்காளர் பட்டியலையோ பழைய டெலிபோன் புத்தகத்தையோ வைத்துக்கொண்டு ஆள் தேடும் ஜூனியர் வக்கீலுக்கு, முதலில் கண்ணில் படுகிறவர்தான் எக்ஸிகியூட்டர்.

இரண்டாவது, கதவு எண். சென்னையில் வீட்டு வாசலைப் பார்த்தாலே தெரியும், ஒரே பலகையில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். உயில் எழுதிய காலத்தில் "எண் 14" என்றால் அது பழைய எண். இன்றைக்கு அதே தெருவில் "எண் 14" என்று தேடினால் புதிய எண் 14 கிடைக்கும். நடுவில் பத்து வீடு தள்ளிப் போயிருக்கும். என் விஷயத்தில் நடந்தது இதுதான். அப்புறம் தெருப் பெயர். பிள்ளையார் கோயில் தெருவும் மாரியம்மன் கோயில் தெருவும் இல்லாத பேட்டை உண்டா? பின்கோடை எழுதாமல் விட்டால் போதும்.

மூன்றாவது, உயில் பழையதாக இருப்பது. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. எழுதியவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும். இருபது வருடம் பீரோவில் கிடந்து, இறந்த பிறகு வெளியே வரும். அதற்குள் "என் நண்பர், மேற்படி முகவரியில் வசிப்பவர்" வீடு மாறிப் போயிருப்பார். அந்த வீட்டில் இப்போது குடியிருக்கிற உங்களுக்குத் தபால் வரும்.

இந்தப் பெயர்க்குழப்பம் சட்டம் எழுதியவர்களுக்கும் தெரிந்த ஒன்றுதான். சொத்து பெறுபவரின் பெயர் தப்பாக இருந்தாலும், யாரைச் சொல்கிறார் என்று புரிந்தால் உயில் செல்லும் என்கிறது பிரிவு 76. அதற்கு அங்கேயே உதாரணமும் உண்டு: "என் சகோதரன் ஜானின் இரண்டாவது மகன் தாமஸுக்கு" என்று ஒருவர் எழுதிவிட்டார். ஜானுக்குத் தாமஸ் என்று மகனே இல்லை, இரண்டாவது மகன் பெயர் வில்லியம். பங்கு வில்லியமுக்குப் போகும். பிரிவு 80-இல் இன்னொரு உதாரணம்: "என் கஸின் மேரிக்கு" என்று எழுதியவருக்கு மேரி என்ற பெயரில் இரண்டு கஸின்கள். எந்த மேரி என்று காட்ட வெளிச்சாட்சியம் கொண்டுவரலாம். தமிழில் எழுதியிருந்தால் அத்தை பெண் மேரியா சித்தப்பா பெண் மேரியா என்று உறவுச் சொல்லே காட்டிக்கொடுத்திருக்கும். ஆனால் "நண்பர் சுந்தரம்" என்று எழுதினால் எந்த மொழியும் காப்பாற்றாது.

இது ஏமாற்று வேலையாக இருக்குமா?

இருக்கலாம். ஆனால் கண்டுபிடிப்பது சுலபம். உண்மையான கடிதம் உங்களிடம் வேலை கேட்கும், பொய்க் கடிதம் உங்களிடம் பணம் கேட்கும். "தூரத்து உறவினர் வெளிநாட்டில் இறந்துவிட்டார், கோடிக்கணக்கில் இருக்கிறது, முதலில் பரிசீலனைக் கட்டணம் அனுப்புங்கள்" என்று வந்தால் சந்தேகமே வேண்டாம். எக்ஸிகியூட்டருக்குக் கடிதம் அனுப்புகிறவர் யாரும் ஓடிபி கேட்க மாட்டார், வங்கிக் கணக்கு எண் கேட்க மாட்டார், வாட்ஸ்அப்பில் மட்டும் பேச மாட்டார். பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். அது சைபர் குற்றங்களுக்கான உதவி எண்.

வக்கீல் பெயரைச் சரிபார்க்க, பதிவு எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்தவர் என்றால் "எம்.எஸ்." என்று தொடங்கி, ஒரு எண்ணும் வருடமும் இருக்கும். கடிதத்தில் உள்ள போன் எண்ணைக் கூப்பிட்டுச் சரிபார்ப்பதில் அர்த்தமில்லை. அங்கே எடுப்பவரும் அவர்கள் ஆள்தான். நீதிமன்ற வழக்கு எண் கொடுத்திருந்தால் இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டுப் பாருங்கள். வழக்குக்கு 16 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு சி.என்.ஆர். எண் உண்டு. அதைக் கேட்டு வாங்கினால் இன்னும் சுலபம்.

வந்திருப்பது வக்கீல் கடிதமா, கோர்ட் நோட்டீஸா? வித்தியாசம் உண்டா?

நிறைய உண்டு. வக்கீல் கடிதம் என்பது ஒரு தனி மனிதர் இன்னொரு தனி மனிதருக்கு எழுதுவது. அதில் போட்டிருக்கிற 15 நாள் அவர் வைத்த கெடு, சட்டம் வைத்த கெடு இல்லை. தாண்டினால் வானம் இடிந்து விழாது.

நீதிமன்றத்திலிருந்து வருவது வேறு. எக்ஸிகியூட்டர் பொறுப்பிலிருந்து விலகாதவரை, அவரைக் கூப்பிட்டு "ஏற்கிறாயா, இல்லையா" என்று கேட்காமல் வேறு யாருக்கும் சொத்து நிர்வாகத்தைக் கொடுக்கக் கூடாது என்கிறது பிரிவு 229. அப்படிக் கூப்பிடும் அறிவிப்புக்கு சைட்டேஷன் என்று பெயர். முத்திரை, வழக்கு எண், வாய்தா தேதி எல்லாம் இருக்கும். சென்னை உயர் நீதிமன்றமாக இருந்தால் ஓ.பி. என்று எண் தொடங்கும். யாராவது ஆட்சேபித்து வழக்காக மாறிவிட்டால் அது டி.ஓ.எஸ்., அதாவது உயில் வழக்கு, ஆகிவிடும். வெளியூர் என்றால் மாவட்ட நீதிமன்றம். இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்.

பேசாமல் "ஆள் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டால்?

பலருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். வேண்டாம். சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, "வாங்க மறுத்தார்" என்று திரும்பினால், நோட்டீஸ் சேர்ந்துவிட்டதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அதாவது, உறையைப் பிரிக்காமலேயே நீங்கள்தான் அந்த ஆள் என்று ஒரு பதிவு உருவாகிவிடும். வாங்குங்கள், பிரித்துப் படியுங்கள், உறையையும் பத்திரப்படுத்துங்கள். உறையின் மேல் உள்ள தபால் முத்திரைத் தேதிதான் பிற்பாடு உதவும்.

வாங்கிவிட்டுப் பதிலே போடாமல் இருந்தால் என்ன ஆகும்? உங்களுக்கு ஜெயிலும் இல்லை, அபராதமும் இல்லை. சைட்டேஷனில் குறித்த காலத்துக்குள் ஏற்காவிட்டால், பிரிவு 231-இன்படி நீதிமன்றம் உயிலை மெய்ப்பிக்க வைத்து, நிர்வாகத்தை வேறு உரியவருக்குக் கொடுத்துவிடும். உங்களுக்கு நட்டமில்லை. ஆனால் இறந்தவர் நம்பிக்கை வைத்து எழுதிய அந்த இன்னொரு சுந்தரத்துக்குக் கடைசிவரை விஷயமே தெரியாமல் போகும்.

என்ன பதில் எழுத வேண்டும்? "எனக்கு வேண்டாம், விலகிக்கொள்கிறேன்" என்று எழுதினால் போதாதா?

எழுதக் கூடாது. இந்தப் பக்கம் முழுவதிலும் நீங்கள் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

"விலகுகிறேன்" என்பது வெறும் வார்த்தை இல்லை. எக்ஸிகியூட்டர் பொறுப்பிலிருந்து விலகுவதற்குச் சட்டத்தில் இரண்டு வழி. நீதிபதி முன்னால் வாயால் சொல்வது, அல்லது எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. பிரிவு 230 அது. அப்படி ஒருமுறை விலகிவிட்டால், பிறகு எப்போதும் அவர் புரொபேட் கேட்டு வர முடியாது. இவ்வளவு கனமான காரியத்தை, அந்தப் பொறுப்பே இல்லாத நீங்கள் எப்படிச் செய்ய முடியும்? உங்களிடம் இல்லாததை எப்படி விட்டுக்கொடுப்பீர்கள்?

ஆனால் செய்துவிட முடியும், அதுதான் சிக்கல். வக்கீல் அலுவலகத்திலிருந்து ஒரு தட்டச்சுத் தாள் வரும். "நான் மேற்படி உயிலில் எக்ஸிகியூட்டராக நியமிக்கப்பட்ட இன்னார், என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்" என்றிருக்கும். "ஒரு கையெழுத்துதானே சார், உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி" என்பார் கொண்டுவந்தவர். நானே அந்த வசனத்தைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். போட்டுவிட்டால், "உயிலில் சொன்ன சுந்தரம் நான்தான்" என்று நீங்கள் எழுதிக் கொடுத்ததாக ஆகிறது. அதை வைத்துக் குடும்பம் நீதிமன்ற உத்தரவு வாங்கும். மூன்று வருடம் கழித்து உண்மையான சுந்தரம் வந்து நின்றால்? தெரியாமல் சொன்ன தப்பான தகவலை வைத்து வாங்கியதாக இருந்தாலும் உத்தரவை ரத்து செய்ய பிரிவு 263 இடம் கொடுக்கிறது. அதற்குள் வீட்டை விற்றிருப்பார்கள். வாங்கியவர், விற்றவர், எல்லோரும் சாட்சிக்கு உங்களைத்தான் தேடுவார்கள்.

எனவே நீங்கள் எழுத வேண்டியது "எனக்கு வேண்டாம்" என்பதல்ல, "அது நான் இல்லை" என்பது.

சரி, அதை எப்படி எழுதுவது? ஒரு மாதிரி கொடுங்களேன்.

நான் எழுதியது ஏறக்குறைய இதுதான்:

"ஐயா, தங்களின் இன்ன தேதியிட்ட கடிதம் கிடைத்தது. அதில் குறிப்பிட்டுள்ள காலஞ்சென்றவரை எனக்கு எவ்வகையிலும் தெரியாது. அவரோடு உறவோ நட்போ கொடுக்கல் வாங்கலோ இருந்ததில்லை. பெயரும் முகவரியும் ஒத்திருந்தாலும், உயிலில் குறிப்பிடப்பட்டவர் நான் அல்ல என்று நம்புகிறேன். என் தந்தை பெயர் இன்னது. இம்முகவரியில் இன்ன ஆண்டு முதல்தான் வசித்து வருகிறேன். தாங்கள் குறிப்பிட்ட கதவு எண் பழைய எண்ணா புதிய எண்ணா என்று சரிபார்க்கவும். ஒப்பிட்டுப் பார்க்க உயிலின் நகலை அனுப்பவும். இறந்தவரின் சொத்து, ஆவணம் எதுவும் என் வசம் இல்லை. இக்கடிதத்தைப் பொறுப்பை ஏற்பதாகவோ அதிலிருந்து விலகுவதாகவோ கொள்ள வேண்டாம்."

கடைசி வாக்கியம் முக்கியம். ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் (பதிவுத் தபால் 2025-இல் அதோடு இணைக்கப்பட்டுவிட்டது) அனுப்பி, ஒரு நகலில் ரசீதைப் பின் குத்தி வைத்துக்கொள்ளுங்கள். போனில் மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். போனில் சொன்னது கோப்பில் ஏறாது. சைட்டேஷன் வந்திருந்தால் இதையே பிரமாணப் பத்திரமாகத் தயாரித்து நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

ஆதார் நகல், பான் நகல் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

வக்கீல் கடிதத்துக்கு வேண்டாம். நீங்கள் நிரூபிக்க வேண்டியது உங்கள் அப்பா பெயர் ஒன்றுதான். பள்ளி மாற்றுச் சான்றிதழைக் காட்டலாம். நேரில் பார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். உங்கள் பெயரும், உங்கள் அடையாள அட்டை நகலும், ஒரு இறந்தவரின் சொத்து விவரமும் ஒரே கோப்பில் சேர்ந்து இருப்பது யாருக்கும் நல்லதில்லை. நீதிமன்றம் கேட்டால் அங்கே கொடுங்கள்.

கடிதத்தோடு வீட்டுச் சாவியும் பாஸ்புக்கும் கொடுத்துவிட்டார்கள். என்ன செய்ய?

தொடாதீர்கள். அதாவது, பத்திரமாக வைத்துத் திருப்பிக் கொடுப்பதற்குத் தவிர வேறு எதற்கும் தொடாதீர்கள்.

உரிய எக்ஸிகியூட்டரோ நிர்வாகியோ இல்லாத நேரத்தில், இறந்தவர் சொத்தில் ஒருவர் கைவைத்தால், அல்லது எக்ஸிகியூட்டர் செய்ய வேண்டிய காரியம் எதையாவது செய்தால், அவர் தன் தவறாலேயே எக்ஸிகியூட்டர் ஆகிவிடுகிறார் என்கிறது பிரிவு 303. நியமனத்தால் இல்லை, தலையிட்டதால். சட்டமே கொடுக்கும் உதாரணங்கள் மிகச் சாதாரணமானவை: இறந்தவரின் சாமான்களைப் பயன்படுத்துவது, யாருக்காவது கொடுப்பது, விற்பது, அவருக்கு வர வேண்டிய கடனை வாங்கிக்கொள்வது. பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டுப் பாத்திரங்களைப் போட்டாலும் விற்றதுதான். வாடகைக்காரர் கொடுத்த மாத வாடகையை "நான் கொடுத்துடறேன்" என்று வாங்கிப் பையில் போட்டாலும் மாட்டினீர்கள். கைக்கு வந்த அளவுக்கு உண்மையான எக்ஸிகியூட்டருக்கும் கடன்காரருக்கும் பங்கு பெறுபவருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். இது பிரிவு 304.

ஆனால் சட்டம் ஈரமில்லாததும் அல்ல. சாமான்கள் பாழாகாமல் பாதுகாக்க, ஈமக்கிரியை நடத்த, குடும்பத்தின் அல்லது சொத்தின் உடனடித் தேவையைக் கவனிக்கச் செய்த காரியம் தலையீடு ஆகாது. கேஸை மூடுவது, ஒழுகும் குழாயை அடைப்பது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது எல்லாம் செய்யலாம். செய்துவிட்டு என்ன செய்தீர்கள், யார் சாட்சி என்று தேதி போட்டு ஒரு தாளில் எழுதிவையுங்கள். சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி வாங்குங்கள்.

இறந்தவர் கடனுக்கு வங்கிக்காரர்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

எக்ஸிகியூட்டராகவே இருந்தாலும், கைக்கு வந்த சொத்தை ஒழுங்காகக் கணக்கோடு கொடுத்துவந்தால், தன் சொந்தப் பணத்திலிருந்து கடன் கட்ட வேண்டியதில்லை. நீங்கள் அதுகூட இல்லை. மேலே சொன்ன பதில் கடிதத்தின் நகலை வங்கிக்கும் அனுப்புங்கள். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அதையும் ஒருமுறை நினைவுபடுத்துங்கள். "சும்மா ஒரு தவணை கட்டிவிடுங்கள், பிறகு பார்க்கலாம்" என்பார்கள். கட்டாதீர்கள்.

யோசித்துப் பார்த்தால் அவர் என் அப்பாவின் நண்பராக இருக்கலாம். நிஜமாகவே நான்தான் என்றால்?

அப்படியும் நடக்கும். கேட்காமலேயே பெயரை எழுதிவிடுகிறவர்கள் நம்மிடையே நிறைய. "அந்தப் பையன் நாணயமானவன், பேங்க்ல வேலை" என்று நினைத்து எழுதியிருப்பார். உங்களுக்கு அவர் முகமே ஞாபகம் இருக்காது. அதனால்தான் உயில் நகலைக் கேளுங்கள் என்று சொன்னேன். தந்தை பெயர், சாட்சிகளின் பெயர், "இன்னாரின் குமாரர்" என்ற வரி, இவை பெரும்பாலும் விடை சொல்லிவிடும். பதிவான உயில் என்றால், எழுதியவர் இறந்த பிறகு யார் வேண்டுமானாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்து நகல் வாங்கலாம். உயில்களுக்கு அங்கே மூன்றாம் புத்தகம் என்று தனிப் பதிவேடே உண்டு. உயிரோடு இருக்கும்வரை எழுதியவருக்கும் அவருடைய முகவருக்கும் மட்டும்தான் கொடுப்பார்கள்.

நீங்கள்தான் என்று உறுதியானாலும், ஏற்றே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அப்போது, அப்போது மட்டும், "விலகுகிறேன்" என்று எழுதலாம். ஆனால் எதையும் தொடுவதற்கு முன் எழுதுங்கள். பாதி வேலையைச் செய்துவிட்டு நடுவில் கழன்றுகொள்வது சிக்கலில் முடியும்.

யாருக்கும் தெரியப்போவதில்லை. நான்தான் என்று சொல்லிவிட்டால் என்ன?

இதைச் சிரித்துக்கொண்டே கேட்டவர்கள் மூன்று பேர். ஒருவர் சிரிக்கவில்லை. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் பாரதிய நியாய சன்ஹிதா (இன்றைய தண்டனைச் சட்டம்) பிரிவு 319-இன்படி ஐந்து ஆண்டுவரை சிறை. இறந்தவர் வசம் இருந்த பொருளை நேர்மையில்லாமல் எடுத்துக்கொள்வதற்குத் தனியாகவே பிரிவு 315 இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறது.

முதலில் ஏமாற்று வேலை பற்றிய பதிலை இன்னொருமுறை படியுங்கள். உண்மைதான் என்று தெரிந்தால், எந்த நாட்டு நீதிமன்றமோ அந்த நாட்டு முறைதான். இங்கிலாந்து என்றால் எக்ஸிகியூட்டர் பொறுப்பை விடுவதற்குப் பி.ஏ.15 என்று ஒரு படிவம் உண்டு. அங்கேயும் அதே கதைதான்: பொறுப்பு உங்களுடையதாக இருந்தால் மட்டும் படிவம், இல்லையென்றால் "நான் அவர் இல்லை" என்று கடிதம். புரொபேட் கொடுத்த பிறகு உயில் அங்கே பொது ஆவணம் ஆகிவிடுவதால், கட்டணம் கட்டி நகல் வாங்கிப் பார்த்துவிடலாம்.

இதற்கு நான் வக்கீல் வைக்க வேண்டுமா? செலவு யார் தருவார்கள்?

வக்கீல் கடிதத்துக்குப் பதில் எழுத வக்கீல் வேண்டாம். தபால் செலவு உங்களுடையதுதான், கேட்டாலும் தர மாட்டார்கள். சைட்டேஷன் வந்தால் ஒருமுறை ஆலோசனை கேட்பது நல்லது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கேட்கலாம். 15100 என்ற எண்ணிலும் வழிகாட்டுவார்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்பது பலருக்கும் தெரிவதில்லை.

உண்மையான ஆளைத் தேடிக் கொடுப்பது என் கடமையா?

இல்லை. ஆனால் எனக்கு ஓய்வு நேரம் நிறைய இருந்தது.

பதில் அனுப்பிப் பத்து நாள் கழித்து உயில் நகல் வந்தது. என் அப்பா ராமசாமி. உயிலில் இருந்தது ரங்கநாதன் மகன். எங்கள் தெரு முனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கிற பெரியவரிடம் கேட்டேன். பெட்டியில் கரியைக் கிளறிக்கொண்டே, "பழைய 14ஆ? இப்ப 31. நம்ம வாத்தியார் வீடு. ரங்கநாதன் ஐயா பையன்தான் சுந்தரம் வாத்தியார்" என்றார். பெரியவருக்கு எல்லா வீட்டு எண்ணும் இரண்டு இரண்டாகத் தெரியும். சட்டைக் காலரில் அவர் போடும் குறி இன்னும் பழைய எண்தான்.

வாத்தியார், மகள் வீட்டோடு கோயம்புத்தூர் போய், உயில் எழுதியவர் இறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்துவிட்டார் என்று 31-ஆம் எண்ணில் சொன்னார்கள். அதை வக்கீல் அலுவலகத்துக்குத் தெரிவித்தேன். போனில் பேசிய ஜூனியர் பெண் சில விநாடி ஒன்றும் சொல்லவில்லை. நான் விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், இறந்துபோன ஒருவர் உயிரோடு வந்து விலகியதாக நீதிமன்றக் கோப்பில் ஏறியிருக்கும். எக்ஸிகியூட்டர் முன்பே இறந்துவிட்டால் விலகலே தேவையில்லை. அவருடைய இறப்புச் சான்றிதழை வைத்து, மிச்சச் சொத்தெல்லாம் யாருக்கு என்று உயிலில் இருக்கிறதோ அவரே பிரிவு 232-இன்படி உயிலை மெய்ப்பித்து நிர்வாகப் பத்திரம் வாங்கலாம். அவர்கள் விஷயத்தில் அது இறந்தவரின் தம்பி மகன், அதாவது அவர்களுடைய கட்சிக்காரரே.

"முந்தைய கடிதம் தவறுதலாகத் தங்களுக்கு அனுப்பப்பட்டது" என்று ஒரு வரி எழுதித் தரச் சொன்னேன். நீங்களும் கேளுங்கள், கேட்டால்தான் தருவார்கள். ஒரு மாதம் கழித்து அதே பழுப்பு உறையில் வந்தது. என் கோப்பில் ரசீதோடு சேர்த்து வைத்திருக்கிறேன். உறையின் மேல் "எண் 14" என்று போட்டிருந்தது. பழையதா புதியதா என்று அதிலும் எழுதவில்லை.